ராஜ்கட் உச்சியில் ஒரு செஞ்சிக் கதை

புனேல பிள்ளைகளை மாநிலப் பாடத்திட்டத்துல படிக்க வைக்கிற நம்ம ஆட்களுக்கு நல்லாவே தெரியும். நாலாம் வகுப்பு வரலாறுன்னா இங்கே சிவாஜி மகாராஜாதான். பசங்க கோட்டை பேரா ஒப்பிப்பாங்க. நமக்கோ கோட்டைன்னா செஞ்சி. செஞ்சின்னா ராஜா தேசிங்கு, நீலவேணிக் குதிரை, 1960-ல வந்த எம்.ஜி.ஆர். படம். வீட்டுக்குள்ள ரெண்டும் வேற வேற கதையாத்தான் ஓடிட்டிருக்கும். ஆனா ரெண்டும் சேருற இடம் ஒண்ணு இருக்குங்க. போன குளிர்காலத்துல மகளோட ஏறிட்டு வந்த ராஜ்கட் மலைதான் அது.

நஸ்ராபூர் வழியா குஞ்சவணே கிராமத்துக்குப் போய், அங்கிருந்து 'சோர் தர்வாஜா' பாதையில ஏறினோம். முதல்ல மரநிழல், அப்புறம் மொட்டைச் சரிவு, கடைசியில கம்பியைப் பிடிச்சு ஏற வேண்டிய பாறை. குனிஞ்சு வாசல்ல நுழைஞ்சா பத்மாவதி மாச்சி. மாச்சின்னா உச்சிக்குக் கீழே மதில் கட்டின சமதளம். சுவேளா, சஞ்சீவனின்னு இன்னும் ரெண்டு மாச்சி உண்டு. நடுவுல பாலே கில்லான்னு உள்கோட்டை. அதுக்கு ஏறுறதுதான் கஷ்டம். பாறை கிட்டத்தட்ட செங்குத்தா நிக்குது. கீழே பார்க்காம ஏறணும்.

மேலே போய் நின்னா நாலு பக்கமும் அந்தப் பாடப்புத்தகம் விரிஞ்சு கிடக்கு. வடமேற்கே தோரணா, சிவாஜி சின்ன வயசுல பிடிச்ச கோட்டை. கிழக்கே புரந்தர். 1665-ல அங்கே நடந்த ஒப்பந்தப்படி 23 கோட்டைகளை மொகலாயருக்குக் கொடுத்துட்டு 12-ஐ மட்டும் வச்சுக்கிட்டார். அந்த 12-ல ராஜ்கட் ஒண்ணு. வடகிழக்கே சிங்ககட், 1670 பிப்ரவரியில தானாஜி உயிரைக் கொடுத்து மீட்டது. வானம் தெளிவா இருந்தா மேற்கே ராய்கட்கூடத் தெரியும். பின்னாடி தலைநகர் அங்கேதான் மாறிச்சு.

இப்ப நம்ம கதைக்கு வர்றேன். அதே 1670 பிப்ரவரி 24-ம் தேதி, இதே ராஜ்கட்ல சிவாஜிக்கு ஒரு மகன் பிறந்தார். பேரு ராஜாராம். 1689-ல அண்ணன் சாம்பாஜியை ஔரங்கசீப் கொன்னப்போ இவருக்குப் பத்தொன்பது வயசு. ராய்கட்டை மொகலாயப் படை சுத்தி வளைச்சதும், தப்பிச்சு வேஷம் மாத்திக்கிட்டுத் தெற்கே ஓடினார். போய்ச் சேர்ந்த இடம் செஞ்சி! 1677-லயே சிவாஜி பிடிச்சுப் பலப்படுத்தி வச்சிருந்த கோட்டை அது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையையும் மதில் கட்டி இணைச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. மராட்டிய அரசோட தலைநகரமா அது எட்டு வருஷம் இருந்திருக்கு. சுல்பிகர் கான் 1690-ல போட்ட முற்றுகை 1698-லதான் முடிஞ்சது. அதுக்குள்ள ராஜாராம் தப்பிச்சு மகாராஷ்டிரா வந்துட்டார். 1700 மார்ச்சில் சிங்ககட்ல இறந்தப்போ வயசு முப்பது. பிறந்த கோட்டையில நின்னா இறந்த கோட்டை தெரியுது. நடுவுல அவர் ராஜாவா இருந்த வருஷங்கள்ல பெரும்பகுதி நம்ம மண்ணுல!

அப்ப தேசிங்கு யாரு? செஞ்சி மொகலாயர் கைக்குப் போனப்புறம் அங்கே அதிகாரத்துக்கு வந்தவர் சுவரூப் சிங்னு ஒரு பந்தேலா ராஜபுத்திரர். அவரோட மகன் தேஜ் சிங்தான் நம்ம தேசிங்கு. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714-ல செத்தார். ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. எட்டு வருஷ முற்றுகையை மறந்துட்டோம், இவரை மட்டும் ஊர் ஊராப் பாடி வச்சிருக்கோம்.

இதையெல்லாம் சொன்னதும் மகள் கேட்டா: "அப்போ நாம எந்தப் பக்கம்ப்பா?"

கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "எந்தப் பக்கமும் இல்லைம்மா. ரெண்டு படையும் சாப்பிட்டது செஞ்சிச் சீமை நெல்லை. நாம அந்த நெல்லை விளைவிச்சவங்க பக்கம்"னு சொன்னேன். அவங்களைப் பத்தி இங்கத்திய பாடத்துலயும் இல்லை, நம்ம தேசிங்கு பாட்டுலயும் இல்லை. பிள்ளைகளுக்கு ரெண்டு ஊரும் வேணும்னா, இதை நாமதான் சொல்லிக் கொடுக்கணும்.

2025 ஜூலையில யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துது. பதினொண்ணு மகாராஷ்டிராவுல, ராஜ்கட் உட்பட. பன்னிரண்டாவது செஞ்சி.

மழைக்காலத்துல ராஜ்கட் பாறை வழுக்கும். நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க, தண்ணி நிறைய எடுத்துக்குங்க. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப திண்டிவனத்துல இறங்கி ராஜகிரியும் ஏறிடுங்க. பசங்களுக்கு ரெண்டு மலையையும் காட்டின மாதிரி ஆச்சு.