3 முறை மோதியும் கைக்கு எட்டாத கட்சித் தலைமை: 49 ஆண்டு எம்.பி. கென் கிளார்க் தோற்றது ஏன்?

பிரிட்டன் அரசியலில் சுகாதாரம், கல்வி, உள்துறை, நிதி, நீதி என முக்கிய துறைகளை எல்லாம் கையில் வைத்திருந்தவர் கென்னத் கிளார்க். ஒரே தொகுதியில் 49 ஆண்டுகள் எம்.பி. ஆனால் கன்சர்வேடிவ் கட்சியின் தலைவர் பதவி மட்டும் அவருக்கு கிடைக்கவே இல்லை. காரணம் என்ன?

யார் இந்த கென் கிளார்க்?

1940-ல் நாட்டிங்காம் பகுதியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து வழக்கறிஞரானார். 1970 தேர்தலில் ரஷ்கிளிஃப் தொகுதியில் வென்று நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். தாட்சர், ஜான் மேஜர், டேவிட் கேமரூன் என 3 பிரதமர்களின் அமைச்சரவையில் இருந்தவர். 1993 முதல் 1997 வரை நிதியமைச்சர். ஜாஸ் இசைப் பிரியர். பட்ஜெட் உரையின்போது விஸ்கி அருந்தியவர் என்றும் பேசப்படுபவர்.

முதல் மோதல்: 1997

தேர்தலில் கட்சி படுதோல்வி அடைய, மேஜர் விலகினார். அப்போது தலைவரை எம்.பி.க்கள் மட்டுமே தேர்வு செய்வார்கள். முதல் இரண்டு சுற்றுகளிலும் கிளார்க்தான் முன்னிலை. ஆனால் இறுதிச் சுற்றில் வில்லியம் ஹேக் 92, கிளார்க் 70. கதை அப்படியே மாறிப்போச்சு.

விதி மாறியது, முடிவு மாறவில்லை

1998-ல் ஹேக் புதிய விதி கொண்டு வந்தார். அதாவது, எம்.பி.க்கள் போட்டியாளர்களை இரண்டு பேராகக் குறைப்பார்கள். அந்த இருவரில் ஒருவரை கட்சி உறுப்பினர்கள் தேர்வு செய்வார்கள். 2001-ல் எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் கிளார்க் 59 வாக்குகளுடன் முதலிடம். இயன் டங்கன் ஸ்மித்துக்கு 54. ஆனால் உறுப்பினர்களில் சுமார் 61 சதவீதம் பேர் ஸ்மித்தை தேர்வு செய்தனர்.

2005-ல் மூன்றாவது முயற்சி. 38 வாக்குகளுடன் முதல் சுற்றிலேயே வெளியேறினார். அந்தப் போட்டியில் வென்றவர் கேமரூன்.

தடையாக நின்றது எது?

ஒரே வார்த்தையில் சொன்னால், ஐரோப்பா. கட்சி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு மெல்ல விலகிச் சென்றது. கிளார்க்கோ ஒன்றியத்தை வெளிப்படையாக ஆதரித்தவர். பதவிக்காக அந்தக் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை. 2003-ல் கட்சித் தலைமை ஆதரித்த இராக் போரையும் எதிர்த்து வாக்களித்தார்.

பிரெக்ஸிட்டில் தனி ஆள்

2017 பிப்ரவரியில் ஒன்றியத்தில் இருந்து வெளியேறும் நடைமுறையைத் தொடங்குவதற்கான மசோதா வந்தது. இரண்டாம் வாசிப்பில் அதை எதிர்த்து வாக்களித்த ஒரே கன்சர்வேடிவ் எம்.பி. இவர்தான். அதே ஆண்டு, நீண்டகால உறுப்பினருக்கான 'சபையின் தந்தை' என்ற மதிப்பு அவருக்கு வந்தது. 2019 ஏப்ரலில், ஐரோப்பாவுடன் சுங்க ஒன்றியம் வேண்டும் என்ற அவரது தீர்மானம் 273-276 என வெறும் 3 வாக்குகளில் தோற்றது.

கட்சியில் இருந்தே வெளியே

2019 செப்டம்பர் 3. ஒப்பந்தம் இல்லாத பிரெக்ஸிட்டைத் தடுக்க அரசுக்கு எதிராக வாக்களித்த 21 கன்சர்வேடிவ் எம்.பி.க்களை, போரிஸ் ஜான்சன் தலைமை நாடாளுமன்றக் கட்சியில் இருந்து நீக்கியது. 'சபையின் தந்தை'யும் அதில் ஒருவர். அந்த ஆண்டு தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. 2020-ல் பிரபுக்கள் சபை உறுப்பினரானார்.

எம்.பி.க்கள் மத்தியில் செல்வாக்கு இருந்தாலும், உறுப்பினர்களின் மனநிலை வேறாக இருந்தால் தலைமை கிடைக்காது என்பதற்கு கிளார்க்கின் 2001 தோல்வி ஒரு உதாரணம். அந்த இரண்டு கட்ட முறையில்தான் பிறகு போரிஸ் ஜான்சனும், லிஸ் டிரஸ்ஸும் தலைவர்களாகி பிரதமர் பதவிக்கு வந்தார்கள்.