பூனைக்குட்டிக்கு ‘நக்கல் குளியல்’ சொல்லித் தருவது யாரு?

களமருதூர் பக்கம் வைக்கோல் போர்லயோ பரண்லயோ பூனை குட்டி போட்டிருந்தா, கொஞ்சம் தள்ளி நின்னு கவனிங்க. தாய் நக்கிக்கிட்டே இருக்கும். சுத்தத்துக்காக மட்டுமில்லை, முதல் மூணு வாரம் அது அடிவயிற்றை நக்கிவிட்டால்தான் குட்டிக்குச் சிறுநீரும் மலமும் வெளியேறும்.

மூன்று, நான்காவது வாரத்தில் குட்டியே முன்னங்காலை நக்கிப் பார்க்கும். பேலன்ஸ் தவறிக் கவிழ்வதெல்லாம் சகஜம் (செம காமெடி!). அடுத்த ஓரிரு வாரத்தில் கூடப்பிறந்ததையும் நக்கிவிடும். பாதி பிறவியிலேயே வருவது, பாதி தாயிடம் பழகுவது.

தாயில்லாத குட்டி கிடைத்தால் குளிப்பாட்டாதீங்க; குளிரே உயிரை எடுத்துடும். பூனைக்குட்டிக்கான பால் பவுடரைக் கரைத்துப் புகட்டியதும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெதுவா தடவிவிடுங்க. அப்பவும் சிறுநீர் வரலைன்னா, உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போங்க.