தனுஷ்கோடி: சைக்கிளில் ஒரு மார்கழி நாள்

நமக்குச் சொந்த ஊர் செஞ்சி பக்கம் வல்லம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறையும் கோட்டையும்தான். அதனால கடல்னா ஒரு தனி ஆசை. போன மார்கழியில இராமேசுவரம் போனப்ப, வேன் எல்லாம் வேணாம்னு ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கிட்டுத் தனுஷ்கோடிக்குக் கிளம்பிட்டேன்.

தனுஷ்கோடி வரைக்கும் பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். முந்தி முகுந்தராயர் சத்திரத்தோட தார் ரோடு முடிஞ்சிடும், அதுக்கப்புறம் மணல்தான். 2017ல்தான் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்தாங்க. இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. வடக்குக் கடலைப் பெண்கடல், தெற்குக் கடலை ஆண்கடல்னு சொல்றாங்க. ஆனா மார்கழி வாடைக் காத்துல ரெண்டும் குணம் மாறிடுது. பெண்கடல் சீறுது, ஆண்கடல் சாதுவா கிடக்குது. அந்தக் காத்து இடது பக்கமா வந்து சைக்கிளைத் தள்ளிக்கிட்டே இருந்துச்சு.

சரி, வரலாறுக்கு வருவோம். தனுஷ்கோடியைப் 'பேய் நகரம்'னு சொல்லியே பழகிட்டோம். அது ஒரு காலத்துல சர்வதேச ரயில் முனையம்ங்க! 1914ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடி வரைக்கும் வந்துச்சு. அதுக்கு முன்னாடி கொழும்பு போறவங்க தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறணும். இப்ப எழும்பூர்ல ஏறினா விழுப்புரம், திருச்சி வழியா தனுஷ்கோடி. அங்கே நீராவிக் கப்பல், சுமார் 30 கிலோமீட்டர் கடல், தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. எங்க பக்கத்து ஆளுக்கு விழுப்புரத்துல ஏறினா இலங்கை அவ்வளவுதான் தூரம்.

அந்த வழியில போனது துரைமாருங்க மட்டும் இல்ல. மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்களும்தான். மண்டபம் முகாம்ல தங்கவெச்சு, நோய் நொடி பார்த்துட்டுத்தான் கப்பல் ஏத்துவாங்க.

இப்ப தேதிகளைக் கவனிங்க. 1964 அக்டோபர் 30ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. மலையகத் தமிழர்ல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும்னு முடிவு. அந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு மாசம்கூட ஆகல. டிசம்பர் 22 ராத்திரி புயல் அடிச்சுது. பாம்பன்லேர்ந்து தனுஷ்கோடி வந்துக்கிட்டிருந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் அப்படியே வாரிக்கிட்டுப் போச்சு. அதுல இருந்த நூறு பேருக்கு மேல ஒருத்தரும் பிழைக்கல. பாலமும் சிதைஞ்சு போச்சு. ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல அதைச் சரி பண்ணிட்டாங்க. தனுஷ்கோடியை மட்டும் யாரும் திருப்பிக் கட்டல. வாழத் தகுதியில்லாத ஊர்னு அரசாங்கம் சொல்லிடுச்சு.

தாத்தா பாட்டி கப்பல் ஏறின துறை போச்சு. பேரப் பிள்ளைங்க தாயகம்னு சொல்லப்பட்ட, ஆனா பார்த்தே இராத நாட்டுக்கு இராமேசுவரத்துல வந்து இறங்கினாங்க. அந்தக் கப்பலும் 1984ல் நின்னு போச்சு.

ஸ்டேஷன் சுவர், பவளக்கல்லால கட்டின சர்ச், ரெண்டும் உப்புக் காத்துல கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்துக்கிட்டிருக்கு. செஞ்சிக் கோட்டை முகலாயர் முற்றுகையை ஏழெட்டு வருஷம் தாங்கிச்சு. முந்நூறு வருஷம் கழிச்சும் மதில் நிக்குது. 2025ல் யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்த்துட்டாங்க. ராஜாக்கள் விட்டுட்டுப் போனதைப் பார்த்துக்க ஆள் இருக்கு. கூலி ஜனங்க மூட்டையோட கடந்து போன இடத்துல 'இங்கேதான் கப்பல் ஏறினாங்க'ன்னு ஒரு வரி எழுதி வெச்சிருக்கான்னு தேடினேன். என் கண்ணுல எதுவும் படல.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். காலையில சீக்கிரமா கிளம்புங்க, தண்ணி நிறைய எடுத்துக்குங்க. அப்புறம், அது பேய் ஊர் இல்ல. குடிசை போட்டு மீன் பிடிச்சுப் பிழைக்கிற ஜனங்க இன்னைக்கும் அங்கே இருக்காங்க. சுவர் முன்னாடி நின்னு போட்டோ எடுத்த கையோட, அவங்க கடையில மீன் வறுவல் வாங்கிச் சாப்பிட்டுட்டு, நாலு வார்த்தை பேசிட்டு வாங்க. கல்வெட்டுல இல்லாத வரலாறு அவங்ககிட்டதான் இருக்கு.