ஜேம்ஸ் கேவின்: முதலில் குதித்த தளபதி

இரண்டாம் உலகப் போரில் நான்கு முறை பாராசூட்டில் போர்க்களத்தில் இறங்கிய அமெரிக்க ஜெனரல் ஜேம்ஸ் கேவின் ஒருவரே. 1907 மார்ச் 22 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த அவர், பெற்றோரை அறியாமலே வளர்ந்தார். பென்சில்வேனியாவில் மவுன்ட் கார்மல் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரைச் சேர்ந்த ஒரு குடும்பம் அவரைத் தத்தெடுத்தது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 17 வயதில் வீட்டை விட்டு வெளியேறி நியூயார்க் சென்று, 1924 ஏப்ரலில் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார்.

பனாமாவில் பணியாற்றியபடியே படித்து நுழைவுத் தேர்வில் வென்று, 1925-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்குள் நுழைந்தார். 1929-ல் அதிகாரியாக வெளியே வந்தார். அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்கத் தரைப்படையில் பதவி உயர்வு ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. ஆனால் ஐரோப்பாவில் போர் முறையே மாறிக்கொண்டிருந்தது. 1940 மே மாதம் பெல்ஜியத்தின் ஏபன் எமேல் கோட்டையை ஜெர்மன் வீரர்கள் கிளைடர்களில் வந்து கைப்பற்றினர். மறு ஆண்டு கிரீட் தீவு வான்வழித் தாக்குதலில் வீழ்ந்தது. வெஸ்ட் பாயின்ட்டில் போர் உத்திகளைக் கற்பித்துவந்த கேவின், இந்தத் தாக்குதல்களை நுணுக்கமாக ஆராய்ந்தார். 1941-ல் ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்கில் பாராசூட் பயிற்சி பெற்றார். வான்வழிப் படையை எப்படி அமைப்பது, எங்கே இறக்குவது, எப்படிப் போரிட வைப்பது என்பதை விளக்கும் முதல் அமெரிக்கக் கையேட்டை எழுதியவரும் அவரே.

சிசிலி கற்பித்த பாடம்

1942-ல் 505-வது பாராசூட் ரெஜிமென்ட் அவரது பொறுப்பில் வந்தது. தூக்கமில்லாத நீண்ட இரவு நடைகளால் வீரர்களைப் பழக்கினார். தானும் உடன் நடந்தார். விமானக் கதவிலிருந்து முதலில் குதிப்பவர் அதிகாரியாகவே இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு.

1943 ஜூலை 9 இரவு, சுமார் 3,400 பேர் அவர் தலைமையில் சிசிலியில் இறங்கினர். பலத்த காற்றும் இரவுப் பயணத்தில் விமானிகளுக்கு இருந்த அனுபவக் குறைவும் சேர்ந்து, படையைத் தீவின் தென்கிழக்கெங்கும் சிதறடித்தன. கேவினும் இலக்கிலிருந்து பல மைல் தள்ளி விழுந்தார். ஆனால் சிதறிய வீரர்கள் கட்டளைக்குக் காத்திராமல், கைக்குக் கிடைத்த சிறு குழுக்களாகச் சேர்ந்து தந்திக் கம்பிகளை அறுத்தனர், சாலைகளை மறித்தனர். ஜூலை 11 அன்று பியாட்சா மேட்டில், அப்படித் திரண்ட சில நூறு பேரோடு ஜெர்மனியின் ஹெர்மன் கோரிங் டிவிஷனைக் கேவின் எதிர்கொண்டார். கையிலிருந்த பசூக்காக்கள் டைகர் டாங்கிகளின் முன்கவசத்தைத் துளைக்கவில்லை. ஆனாலும் மேடு கைவிட்டுப் போகவில்லை.

அன்றிரவே பெரும் விபரீதம் நேர்ந்தது. கூடுதல் வீரர்களை ஏற்றிவந்த 144 விமானங்களை எதிரியுடையவை என்று எண்ணி, அமெரிக்கக் கப்பல்களும் கரையிலிருந்த பீரங்கிகளும் சுட்டன. 23 விமானங்கள் விழுந்தன. இந்த அனுபவங்களிலிருந்து பிறந்ததே வழிகாட்டிக் குழு முறை. பெரும்படைக்கு முன்பாகச் சிலர் இறங்கி, ரேடியோ கருவிகளாலும் விளக்குகளாலும் இறங்குமிடத்தைக் காட்டுவார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் சலேர்னோவில் அது பலன் தந்தது.

நார்மண்டியும் நைமேகனும்

1944 ஜூன் 6 அன்று 82-வது வான்வழி டிவிஷனின் துணைத் தளபதியாக நார்மண்டியில் குதித்த கேவின், மெர்டெரே ஆற்றின் லா ஃபியேர் பாலத்துக்காக நடந்த நான்கு நாள் சண்டையை முன்னின்று நடத்தினார். ஆகஸ்டில் டிவிஷனே அவர் கைக்கு வந்தது. அப்போது வயது 37.

செப்டம்பர் 17 அன்று நெதர்லாந்தில் இறங்கியபோது அவரது முதுகெலும்பில் விரிசல் விழுந்தது. வலியோடு போரைத் தொடர்ந்தார். கிரேவ் பாலம் முதல் நாளே கிடைத்தது. ஆனால் மேலதிகாரி பிரவுனிங்கின் கட்டளைப்படி க்ரூஸ்பேக் மேட்டைப் பிடிப்பதற்கே முன்னுரிமை தரப்பட்டது. வால் ஆற்றின் மீதிருந்த நைமேகன் பாலத்தில் ஜெர்மானியர் பலம் சேர்த்துக்கொண்டனர். 20-ம் தேதி பட்டப்பகலில் துணிப்படகுகளில் ஆற்றைக் கடந்த பிறகே பாலம் கைவசமானது. அதற்குள், வடக்கே ஆர்னெம் பாலத்தில் உதவிக்குக் காத்திருந்த பிரிட்டிஷ் வீரர்கள் நசுக்கப்பட்டுவிட்டனர். நைமேகன் பாலத்தை முதலில் தாக்கியிருக்க வேண்டாமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். மேட்டை இழந்திருந்தால் டிவிஷனே துண்டிக்கப்பட்டிருக்கும் என்பது மறுதரப்பின் பதில்.

1945 மே 2 அன்று லுட்விக்ஸ்லுஸ்டில் ஜெர்மனியின் 21-வது ராணுவம் முழுவதும் அவரிடம் சரணடைந்தது. அருகிலிருந்த வோபெலின் வதைமுகாமில் கிடந்த உடல்களை நகர மக்களே நேரில் கண்டு அடக்கம் செய்யும்படி உத்தரவிட்டார். போருக்குப் பின், கறுப்பின வீரர்களின் 555-வது பாராசூட் பட்டாலியனைத் தன் டிவிஷனோடு இணைத்துக்கொண்டார். ராணுவத்தில் நிறப்பாகுபாட்டை ஒழிக்க அரசு உத்தரவிட்டது 1948-ல்தான்.

கொள்கை மோதல்

1950-களில் ராணுவ ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். அணுகுண்டு மிரட்டலையே நம்பித் தரைப்படையைச் சுருக்கிய ஐசன்ஹோவர் அரசின் கொள்கையை அவர் ஏற்கவில்லை. சிறிய போர்களுக்கு, ஹெலிகாப்டரில் விரையும் புதிய குதிரைப்படை தேவை என்று 1954-ல் எழுதினார். கருத்து வேறுபாடு முற்றி 1958-ல் ஓய்வு பெற்றார். கென்னடி ஆட்சியில் பிரான்சில் தூதராக இருந்தார்.

அவர் கேட்ட ஹெலிகாப்டர் டிவிஷன் 1965-ல் வியட்நாமில் களம் இறங்கியது. கேவினோ அந்தப் போர் விரிவதை எதிர்த்து, 1966-ல் செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். 1990 பிப்ரவரி 23 அன்று பால்டிமோரில் காலமானார். உடல் வெஸ்ட் பாயின்ட்டில் அடக்கம் செய்யப்பட்டது.