பேகம் ரொக்கையா அறிந்த பெண்ணுள்ளம்

பருவமெய்தும் பெண்மக்கள் உண்டார்களா, உடுத்தார்களா, வரன் வந்ததா என்று கேட்பார் என்றும் உண்டு. அவர்தம் உள்ளம் எப்படியிருக்கிறது என்று கேட்பார் அரியர். அக்கேள்வியை வங்க முஸ்லிம் சமுதாயத்தின் முன் துணிந்து வைத்தவர் பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைன் (1880–1932).

ரங்பூர் மாவட்டத்துப் பைராபந்த் என்னும் சிற்றூரில், ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஐந்து வயது முதலே, அயலார் வீட்டுப் பெண்டிர் வந்தாலும் ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும். தமக்கை கரீமுன்னிசா வங்கமொழி கற்பது தெரிந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டது. பதினைந்து நிரம்புமுன் மணமும் முடிந்தது. ஆயினும் அவருடைய கல்வி வேட்கை அணையவில்லை. பின்னாளில் தங்கைக்கு ஊக்கமளித்தவரும் அவரே. ரொக்கையாவுக்கு அண்ணன் இப்ராஹீம் சாபிர், வீட்டார் உறங்கிய பின் விளக்கொளியில் ஆங்கிலம் கற்பித்தார். கரவாகக் கற்க நேர்ந்த இளமையின் அச்சத்தை அம்மையார் மறக்கவேயில்லை.

1909இல் கணவர் காலமானார். கல்விப் பணிக்கென அவர் விட்டுச்சென்ற பத்தாயிரம் ரூபாயைக் கொண்டு, அவ்வாண்டே பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் பள்ளி தொடங்கிற்று. பின்னர்க் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்து, 1911 மார்ச் 16இல் எட்டு மாணவியருடன் அதனை மீண்டும் நிறுவினார்.

சிற்றூரின் சிறை நகரத்தில் வேறு வடிவில் காத்திருந்தது. மாணவியரை ஏற்றிவந்த மோட்டார் வண்டி, காற்றும் ஒளியும் புகாதபடி முழுதும் அடைக்கப்பட்டிருந்தது. உள்ளே சிறுமியர் அஞ்சி அழுதனர், வாந்தியெடுத்தனர், மயங்கியும் விழுந்தனர். அடைப்பை நீக்கித் திரைச்சீலை கட்டினாலோ, காற்றில் சீலை விலகுகிறதென்று கண்டனக் கடிதங்கள் வந்தன. 1931இல் வெளிவந்த 'அவரோதவாசினி' என்னும் நூலில் அம்மையார் இதனைப் பதிவு செய்துள்ளார்.

இங்கே நாம் ஒன்றைக் கருத வேண்டும். அம்மையார் பர்தாவை வெறுத்தவரல்லர். தாமும் புர்கா அணிந்தவர். அதனை ஆதரித்துக் கட்டுரையும் வரைந்தவர். நாணத்தைக் காக்கும் மறைப்பு வேறு, மூச்சைத் திணறவைக்கும் அடைப்பு வேறு என்பதே அவர் கண்ட தெளிவு. ஆகவேதான் வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாடிய அவர், தம் பள்ளியில் திருக்குர்ஆனோடும் மொழிப்பாடங்களோடும் தையலையும் உடற்பயிற்சியையும் சேர்த்தார். ஒத்த வயதுத் தோழியரோடு பேசிச் சிரிக்க ஓரிடம் கிடைத்ததே அச்சிறுமியருக்குப் பெரும் மருந்தாயிருந்திருக்கும் என நாம் எண்ணுகிறோம்.

இன்று நம் பெண்மக்கள் பட்டங்கள் பல பெறுகின்றனர். எனினும் சிற்றூரில் படிப்பு பாதியில் நின்ற பெண்ணும், நகரத்தில் மதிப்பெண்ணுக்கு அஞ்சி உறக்கமிழந்த பெண்ணும் நம் இல்லங்களில் இருக்கவே செய்கின்றனர். திடீரென்று பேச்சுக் குறைந்த மகளைக் கண்டு, 'அடக்கமான பிள்ளை' என்று மகிழ்வதற்குமுன், அருகமர்ந்து அவள் மனத்தைக் கேட்போமாக. இரவில் விளக்கேற்றிய ஓர் அண்ணன் ஒரு பள்ளிக்கூடத்துக்கே வித்திட்டார். அந்தப் பரிவைக் காட்டுதல் நம் எவர்க்கும் இயலாததன்று.