தொடர்ச்சி என்னும் அளவுகோல்: பெங்களூருக் கல்லூரிக் கூடைப்பந்தும் வரலாற்றுச் சிறப்பும்

கல்லூரிக் கூடைப்பந்தில் ஓர் அணியின் ஆயுள் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள்தான். பட்டம் வாங்கியதும் ஆட்டக்காரர் வெளியேறிவிடுகிறார். ரயில்வே அணியோ வங்கி அணியோ ஒரு நல்ல ஆட்டக்காரரைப் பத்தாண்டுகூட வைத்துக்கொள்ளலாம்; கல்லூரிக்கு அந்த வசதி இல்லை. எனவே ஒரு கல்லூரியின் கூடைப்பந்தை வரலாற்றுச் சிறப்புடையது என்று சொல்லும்போது, போகிறவர்களின் இடத்தை மறுபடி மறுபடி நிரப்பத் தெரிந்த ஓர் ஏற்பாட்டையே மதிப்பிடுகிறோம். கோப்பைகள் அந்த ஏற்பாட்டின் விளைச்சல். விளைச்சலை மட்டும் எண்ணிவிட்டு நிலத்தைப் பார்க்காமல் விடுவது இத்துறை எழுத்தில் பரவலாகக் காணப்படும் குறை.

இந்த விளையாட்டு வேரூன்றிய அமெரிக்காவிலேயே இதற்குச் சான்று கிடைக்கிறது. யு.சி.எல்.ஏ. என்னும் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஆடவர் பிரிவில் 11 தேசியப் பட்டங்கள் வென்றிருக்கிறது. வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அத்தனை இல்லை. அவற்றில் 10 பட்டங்கள் 1964 முதல் 1975 வரையிலான 12 பருவங்களில், ஜான் வுடன் என்ற ஒரே பயிற்றுநரின் காலத்தில் வந்தவை. அவர் ஓய்வு பெற்ற பிறகு, 1995இல் ஒரு முறை மட்டுமே அந்த அணி வென்றது. கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு 8 பட்டங்கள். எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் அவை 1948 தொடங்கி 2012 வரை, அடால்ஃப் ரப், ஜோ ஹால், ரிக் பிட்டினோ, டபி ஸ்மித், ஜான் கலிபாரி என ஐந்து பயிற்றுநர்களின் கீழ் வந்தவை. கான்சஸின் நான்கு பட்டங்களும் (1952, 1988, 2008, 2022) மூன்று பயிற்றுநர்களுக்கு உரியவை. அந்த அணியைத் தொடங்கியவர் ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே. அங்கே பயிற்றுநராக அவர் பெற்ற வெற்றிகளைவிடத் தோல்விகள் அதிகம் என்பதும் கவனத்துக்குரியது. யு.சி.எல்.ஏ.யின் உச்சம் ஈடற்றது. என்றாலும் நிறுவனத்தின் சிறப்பு எது என்று கேட்டால், பயிற்றுநர் மாறியும் அறாத கென்டக்கியின் வரிசையே வலுவான விடை.

இந்த அளவுகோலை இந்தியாவுக்குக் கொண்டுவரும்போது முதலில் ஒரு தடை எதிர்ப்படுகிறது. இங்கே தேசிய அளவில் மோதுவது கல்லூரி அன்று, பல்கலைக்கழகம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளில் அணிகள் முதலில் மண்டல அளவில் ஆடி, அங்கு முன்னிலை பெற்றால் அகில இந்தியக் கட்டத்துக்குச் செல்கின்றன. பல இணைப்புக் கல்லூரிகளிலிருந்து தேர்ந்தெடுத்த 12 பேர் பல்கலைக்கழகத்தின் பெயரில் இறங்குகிறார்கள். ஆட்டக்காரரை மூன்றாண்டு வளர்த்த கல்லூரியின் பெயர் கோப்பையில் ஏறுவதில்லை. அதன் புகழ் கல்லூரிகளுக்கு இடையேயான ஆட்டங்களோடும், பழைய மாணவர்களின் நினைவோடும் நின்றுவிடுகிறது.

பெங்களூரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். 1882இல் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகம், மைசூர்ப் பல்கலைக்கழகம், 1964க்குப் பின் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் என்று இணைப்பு மாறி வந்து, 2022இல் தானே பல்கலைக்கழகமாயிற்று. அதே மைதானத்தில் ஆடிய மாணவர்கள் காலத்துக்கு ஏற்ப நான்கு பெயர்களில் எண்ணப்படுவார்கள். 1998இல் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவானதும் பொறியியல் கல்லூரிகள் தனி அணியாகத் திரண்டன. 2008இல் கிறைஸ்ட், ஜெயின் ஆகிய இரண்டும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆயின. 2017இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகமே மூன்றாகப் பிரிந்து, பெங்களூரு நகரப் பல்கலைக்கழகமும் வடக்குப் பல்கலைக்கழகமும் பிறந்தன. ஒவ்வொரு பிரிவினையின்போதும் ஆட்டக்காரர்கள் ஒரு பக்கமும் பதிவேடு இன்னொரு பக்கமும் போயின. கென்டக்கியைப் போல ஒரே பெயரில் எழுபது ஆண்டுக் கணக்கை எழுத இந்நகரில் எந்த நிறுவனத்துக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. இது திறமைக் குறைவன்று. நிர்வாக வரலாறு விளைவித்த இழப்பு.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்திருக்கின்றன. அங்கே கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஒன்றே. சேர்க்கை, கட்டணச் சலுகை, விடுதி, பயிற்சி எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கையில் இருப்பதால் அணியைத் திட்டமிட்டுக் கட்ட முடிகிறது. சென்னைப் பக்கத்தில் எஸ்.ஆர்.எம்., சத்தியபாமா ஆகியவை கூடைப்பந்தில் எழுந்ததும் இவ்வழியில்தான். 2022 ஏப்ரல்–மே மாதங்களில் பெங்களூரில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளை ஜெயின் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தியதோடு, 20 தங்கத்துடன் ஒட்டுமொத்த முதலிடத்தையும் பெற்றது.

ஆனால் அந்தப் பதக்கப் பட்டியலைக் கொண்டு கூடைப்பந்தை எடைபோட முடியாது. அப்போட்டியில் ஜெயினின் நீச்சல் வீரர் சிவ ஸ்ரீதர் ஒருவரே 7 தங்கம் வென்றார். 12 பேர் கொண்ட கூடைப்பந்து அணி ஒரு வாரம் ஆடி முதலிடம் பிடித்தாலும் பட்டியலில் ஏறுவது ஒரே ஒரு தங்கம். தனிநபர் விளையாட்டில் ஒரு சிறந்த மாணவரைச் சேர்த்தால் அட்டவணை உயர்ந்துவிடும். கூடைப்பந்தில் ஓர் உயரமான மைய ஆட்டக்காரரைச் சேர்த்துவிட்டு, அவருக்குப் பந்தைக் கொண்டுசேர்க்க ஆள் இல்லாமல் போனால் பயனில்லை. ஐவரும் ஒருவர் அசைவை ஒருவர் அறிய இரண்டு பருவமாவது ஆகும். அப்படி அறிந்து முடிக்கும் வேளையில் இருவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். அவர்களுடைய பாடத்தை அடுத்த அணிக்குக் கைமாற்றுவது யார் என்பதே கேள்வி. பல இந்தியக் கல்லூரிகளில் அப்பொறுப்பு உடற்கல்வி இயக்குநர் ஒருவரிடம் இருக்கிறது. தடகளம் முதல் கோ-கோ வரை எல்லாமே அவர் தலையில்தான்.

பெங்களூரில் அந்தக் கைமாற்றத்தைப் பெருமளவு செய்துவந்தவை கல்லூரிகள் அல்ல, மன்றங்கள். பீகிள்ஸ், யங் ஓரியன்ஸ், மவுண்ட்ஸ் போன்ற கூடைப்பந்து மன்றங்களில் பள்ளிச் சிறுவனும் கல்லூரி மாணவனும் வேலைக்குப் போகிறவரும் ஒரே தளத்தில் ஆடுகிறார்கள். பதினைந்து வயதில் அங்கே வந்தவர் முப்பது வயதிலும் வருகிறார். கல்லூரியில் இல்லாத வயது அடுக்கு அங்கே இருக்கிறது. தொடர்ச்சி பிழைப்பதும் அதனால்தான். கல்லூரி அணிகள் இந்த ஊற்றிலிருந்து மூன்றாண்டுக்கு மொண்டுகொண்டன என்று சொல்வதே பொருந்தும். நகரத்தின் கூடைப்பந்துப் பெயர் கல்லூரிகளைவிடக் கண்டீரவா உள்விளையாட்டரங்கோடு பிணைந்திருப்பதும் இதையே காட்டுகிறது. 2017 ஜூலையில் இந்திய மகளிர் கஜகஸ்தானை 75–73 என்று வென்று, ஆசியக் கோப்பையின் ‘பி’ பிரிவிலிருந்து மேலேறியது இந்நகரில்தான்.

நிறுவனமே தொடர்ச்சியைத் தாங்கிய முன்மாதிரிகள் தென்னிந்தியாவில் இல்லாமல் இல்லை. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, ஆட்டக்காரர்களைவிட ஆசிரியர்களை உருவாக்கியதால் பரந்த பயன் தந்தது. அங்கே படித்தவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளில் வளையம் நட்டார்கள். மகளிர் ஆட்டத்தில் கேரளத்தின் சங்ஙனாசேரி அசம்ப்ஷன் கல்லூரி இன்னொரு சான்று. இந்திய அணியின் தூணாக இருந்த கீத்து அன்னா ஜோஸ் அங்கே படித்து, பிறகு தெற்கு ரயில்வேக்கு ஆடினார்.

கல்லூரியிலிருந்து ரயில்வேக்குப் போகும் இந்தப் பாதை, அமெரிக்க ஒப்பீட்டில் காணக் கிடைக்காத ஒன்றை இங்கே முதன்மையாக்குகிறது: வேலை. நடுத்தரக் குடும்பத்துப் பெற்றோர் மகளையோ மகனையோ மாலைதோறும் மைதானத்துக்கு அனுப்ப வேண்டுமானால், கடைசியில் ஒரு சம்பளம் தெரிய வேண்டும். சென்னையில் தெற்கு ரயில்வே, இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமானவரித் துறை என அந்தக் கதவுகள் பல. பெங்களூரில் ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் குழுமம், சேவைப் படைப்பிரிவு ஆகியவற்றோடு விஜயா வங்கியும் அணி வைத்திருந்தது. அவ்வங்கி 2019 ஏப்ரல் 1 அன்று பரோடா வங்கியோடு இணைந்தது. மறுபுறம், இந்நகரில் மென்பொருள் வேலைக்கு விளையாட்டுச் சான்றிதழ் தேவையில்லை. பத்தொன்பது வயதில் ஆட்டத்தை விட்டுப் படிப்புக்குத் திரும்பும் இழுப்பு இங்கே வலுவாக இருக்கக் காரணம் அதுவே. இந்தக் கசிவை அடைக்காமல் எந்தப் பல்கலைக்கழகமும் நான்கு தலைமுறைக்குத் தொடர்ந்து வெல்வது கடினம். தலைசிறந்தவர்கள் வேறு திசையிலும் போகிறார்கள்: பெங்களூருவைச் சேர்ந்த சஞ்சனா ரமேஷ் அமெரிக்காவின் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழக அணியில் ஆடச் சென்றார்.

பட்டங்களின் எண்ணிக்கையே போதுமான சான்று என்ற எதிர்வாதத்துக்கும் இடம் தர வேண்டும். வெல்லாத அணியின் தொடர்ச்சியை யாரும் சிறப்பு என்று அழைக்கப் போவதில்லை. எனினும் கிறைஸ்டும் ஜெயினும் நிகர்நிலைத் தகுதி பெற்று இருபதாண்டுகூட ஆகவில்லை. கென்டக்கியின் முதல் பட்டத்துக்கும் எட்டாவதுக்கும் இடையே 64 ஆண்டுகள். இப்போது இவற்றைக் குறித்துப் பொருளோடு கேட்கக்கூடியவை சில கேள்விகளே: கூடைப்பந்துக்கென்று முழுநேரப் பயிற்றுநர் இருக்கிறாரா, அவர் போனால் அடுத்தவர் உள்ளிருந்தே வருகிறாரா, பழைய ஆட்டத் தாள்கள் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கின்றனவா, மகளிர் அணிக்கு ஆடவர் அணிக்குச் சமமான தள நேரம் ஒதுக்கப்படுகிறதா, வெளியேறிய ஆட்டக்காரர் வார இறுதியில் திரும்பி வந்து முதலாண்டு மாணவரோடு ஆடுகிறாரா.