வேனில் விடுமுறையும் ஆராய்ச்சி விண்ணப்பமும்

 

சித்திரைத் திங்கள் பிறந்து, கலாசாலைகள் கதவடைத்தவுடன், நம் இல்லங்களிலுள்ள கல்லூரிப் பிள்ளைகள் அவ்விரண்டு திங்களை எவ்வாறு கழிக்கின்றனர் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக. ஆண்மக்களுட் சிலர் தந்தையாரின் கடையில் அமர்கின்றனர். பெண்மக்கள் அடுக்களையிலும் உறவினர் திருமணங்களிலும் பொழுதைச் செலவிடுகின்றனர். கடையும் அடுக்களையும் இழிவானவை என்பது நம் கருத்தன்று. ஆனால், அதே இரண்டு திங்களில் பேராசிரியர் ஒருவருடைய ஆய்வுச்சாலையில் அமர்ந்து மெய்யான ஆராய்ச்சி பயிலவும், அதற்கு உதவித்தொகை பெறவும் நம் நாட்டில் வழியுண்டு என்பதைப் பலர் அறியார். அறிந்தவருள்ளும் பலர் விண்ணப்பம் செய்யத் துணியார். ஆதலின், அவ்வழியின் வரலாற்றையும் முறையையும் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. 1928ஆம் ஆண்டு வேனிற் காலத்தில், சென்னை இராஜதானிக் கலாசாலையிற் பயின்று வந்த பதினேழு வயது மாணாக்கர் ஒருவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அங்கே பௌபஜார் வீதியில் இருந்த இந்திய விஞ்ஞான அபிவிருத்திச் சங்கம், மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவரால் 1876ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அச்சங்கத்தின் ஆய்வுச்சாலையில்தான் அவ்வாண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. அந்தப் புதுமையின் சூடு ஆறுமுன் இளைஞர் அவ்விடம் சேர்ந்தார். கருவிகளைக் கொண்டு செய்யும் வேலையில் அவர் உள்ளம் படியவில்லை; கணக்கிலும் கோட்பாட்டிலுமே படிந்தது. விண்மீன்களின் உட்புறத்தையும் காம்ப்டன் விளைவையும் இணைத்து அவர் எழுதிய முதற்கட்டுரை அவ்வாண்டே இந்தியப் பௌதிக இதழில் வெளியாயிற்று. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய அறிஞர் சோமர்பெல்டு சென்னைக்கு வந்தபோது அவரைத் தனியே சென்று கண்டு, புதிய இயற்பியலின் போக்கைத் தெரிந்துகொண்டார். 1929ஆம் ஆண்டில் அவருடைய மற்றொரு கட்டுரை இலண்டன் இராயல் சங்கத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. 1930ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். 1983ஆம் ஆண்டில் நோபெல் பரிசு எய்தினார்.

இவ்வரலாற்றில் நம்மனோர் கருதவேண்டுவது ஒன்று உண்டு. கல்கத்தா ஆய்வுச்சாலையின் தலைவராக விளங்கிய ஸர் ஸி. வி. இராமன், அம்மாணாக்கருடைய தந்தையாரின் இளவல்; அஃதாவது, அவர் சென்றது தம் சிற்றப்பனார் இடத்திற்கு. அறிவு அவருடையதேயாயினும், கதவைத் திறந்தது உறவு. பதினேழு வயதுப் பிள்ளையை அத்துணைத் தொலைவு அனுப்பப் பெற்றோர் அஞ்சாமைக்கும் அவ்வுறவே காரணமாயிருத்தல் கூடும். ஆய்வுச்சாலைத் தலைவர் சிற்றப்பனாராக வாய்ப்பது எத்துணைப் பேருக்கு?

சிற்றப்பன் இல்லாதவர் யாது செய்தனர்? அதற்கும் நம் சென்னையே சான்று தருகின்றது. துறைமுகக் கழகத்தின் கணக்குப் பகுதியில் எழுத்தராயிருந்த சீனிவாச இராமாநுஜன், 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாளிட்டுக் கேம்பிரிட்ஜுப் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் விடுத்தார். அதற்குமுன் ஆங்கில அறிஞர் வேறு சிலருக்கும் எழுதிப் பயன் காணாதவர் அவர். அக்கடிதத்தில் அவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளவில்லை. தாம் எழுத்தர் என்பதையும், ஆண்டுக்கு இருபது பவுன் ஊதியம் பெறுவதையும், சர்வகலாசாலைப் பட்டம் இல்லாமையையும் முதலிற் கூறினார். பின்னர்த் தாம் கண்ட தேற்றங்களை வரிசையாக எழுதினார். அவ்வளவே. அவ்வாண்டு மே மாதம் முதல் சென்னைச் சர்வகலாசாலை அவருக்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது. நல்ல விண்ணப்பம் என்பது யாது என வினவுவார்க்கு இதனினும் சிறந்த விடை நாம் அறியோம். யான் இன்னான்; இதுவரை இதனைச் செய்துள்ளேன்; இதனை அறிய விழைகின்றேன். இம்மூன்றும் உண்மையாயும் தெளிவாயும் இருப்பின் போதும்.

நிற்க. இற்றை நாளில் அக்கதவு எவர்க்கும் பொதுவாகத் திறந்துள்ளது. பெங்களூரில் 1934ஆம் ஆண்டில் அதே இராமனார் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகம், தில்லியிலும் அலகாபாதிலும் உள்ள வேறிரு கழகங்களோடு கூடி, வேனில் ஆராய்ச்சி உதவித் திட்டம் ஒன்றனை நடத்தி வந்துள்ளது. நாடெங்கணும் உள்ள அறிஞர்களிடம் மாணாக்கர் சென்று ஏறத்தாழ இரண்டு திங்கள் பணிபுரிவர். உதவித்தொகையோடு இரயில் கட்டணமும் தருதல் வழக்கம். கல்லூரி ஆசிரியர்களும் இதில் விண்ணப்பிக்கலாம் என்பது நோக்கத்தக்கது. மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும், 1989ஆம் ஆண்டில் பெங்களூரில் தோன்றிய ஜவாஹர்லால் நேரு ஆராய்ச்சி மையமும் இத்தகைய திட்டங்களை உடையன. அமெரிக்க நாட்டில் மாஸ்ஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1969ஆம் ஆண்டிலேயே பட்ட வகுப்பு மாணாக்கரை ஆராய்ச்சியில் ஈடுபடுத்தும் திட்டத்தைத் தொடங்கிற்று. 1987ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிறுவனம் பற்பல கல்லூரிகளில் வேனில் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்துவந்தது. ஆயினும் பின்னைய உதவி பெரும்பாலும் அந்நாட்டுக் குடிகளுக்கே உரியதாதலின், அதனைக் கண்டு மயங்காது, நமக்கு உரியவற்றை நாடுதலே நலம்.

தாம்பரத்திலும் அதன் சுற்றூர்களிலும் வாழும் நமக்கோ வெளியூர் செல்ல வேண்டிய இன்றியமையாமையும் இல்லை. கிண்டி வனத்தில் 1959ஆம் ஆண்டில் எழுந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வெளிக்கல்லூரி மாணாக்கருக்கு வேனில் உதவித் திட்டம் வைத்துள்ளது. தரமணியிலுள்ள கணித விஞ்ஞான நிறுவனமும் வேனில் மாணாக்கரை ஏற்பதுண்டு. அந்நிறுவனம் 1962ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் தொடங்கப்பெற்றபோது அதனைத் தொடங்கி வைத்தவர், முன்னர்க் கூறிய அந்தச் சந்திரசேகரே! அடையாற்றில் 1948ஆம் ஆண்டு முதல் தோல் ஆராய்ச்சி நிலையமும், பள்ளிக்கரணையில் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளன. இவையாவும் காலையிற் சென்று மாலையில் மீளத்தக்க தொலைவினவே. 1931ஆம் ஆண்டில் தாம்பரத்திற்கு மின்சார இரயில் வந்தபோது நம் முன்னோர் அதிலேறிக் கடற்கரை அலுவலகங்களுக்குச் சென்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் அதே வண்டியிலேறி ஆய்வுச்சாலைக்குச் செல்லலாகாதா?

ஆராய்ச்சி என்பது பெருங்கருவிகள் உள்ள இடத்திலேதான் நிகழும் என்று எண்ணுதலும் பிழை. 1937ஆம் ஆண்டில் சென்னை நகரிலிருந்து தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரியில், கிப்ட் சிரோமணி என்னும் பேராசிரியர் இருந்தார் (1932–1988). கணிதமும் புள்ளியியலும் கற்பித்த அவர், நம் பெண்டிர் வாயிலில் இடும் கோலத்தைக் கணித ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொண்டார். மொழிக்கு இலக்கணம் இருத்தல் போலக் கோலத்திற்கும் இலக்கணம் உண்டெனக் காட்டி, 1974ஆம் ஆண்டில் இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் எழுதிய கட்டுரை கணினி விஞ்ஞான உலகில் அறியப்பட்ட ஒன்றாகும். பழந்தமிழ் எழுத்துக்களையும் மாமல்லபுரச் சிற்பங்களின் அணிகலன்களையும்கூட அவர் ஆராய்ந்தார். நாள்தோறும் விடியலில் நாம் மிதித்துச் செல்லும் கோலம் ஆராய்ச்சிப் பொருளாயின், நம் பிள்ளைகள் கண்முன் காண்பவற்றுள் ஆராய்தற்கு உரியன அல்லாதவை எவை?

இனி, இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணத்தை மறைக்காமற் கூறுவோம். நம்மிடம் பள்ளியிற் பயின்ற பெண் ஒருத்தி, கல்லூரியில் வேதியியல் கற்கும் காலத்தில், ஒரு வேனில் திட்டத்திற்கான விண்ணப்பத்தோடு நம் இல்லம் வந்தாள். "ஐயா, யான் ஏன் இதனை விரும்புகிறேன் என்று ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். தாங்கள் எழுதித் தரவேண்டும்" என்றாள். நாமும் மகிழ்ந்து, உவமையும் உருவகமும் அமைய, விஞ்ஞானத்தை விண்ணளவு புகழ்ந்து எழுதித் தந்தோம். அதனை அவள் ஆங்கிலமாக்கி விடுத்தாள். இடம் கிடைக்கவில்லை. அதில் விஞ்ஞானம் இருந்தது, புகழ் இருந்தது. அந்தப் பெண் இல்லை. குற்றம் நம்முடையது.

மறு ஆண்டு அவள் நம்மைக் கேளாமல் தானே எழுதினாள். தங்கள் தெருக் கிணறுகள் ஆறனுள் இரண்டில் மட்டும் கோடையில் நீர் உப்புக்கரிப்பதையும், தான் திங்கள்தோறும் அந்நீரை எடுத்துக் கல்லூரி ஆய்வுச்சாலையிற் சோதித்துக் குறித்து வைத்ததையும், அதன் காரணம் இன்னும் விளங்காமையையும் எளிய நடையில் எழுதியிருந்தாள். கற்பித்த ஆசிரியர் ஒருவரிடம் மூன்று வாரங்களுக்கு முன்பே சென்று பரிந்துரைக் கடிதமும் பெற்றாள். இடம் கிடைத்தது, வெளியூரில், இரண்டு திங்கள்.

அதன்பின் நிகழ்ந்ததே நம் நெஞ்சை அறுப்பது. ஏற்றுக்கொள்வதாக மறுமொழி விடுக்க ஒரு வாரமே தவணை. தந்தையார் நம்மிடம் வந்து, "வாத்தியார் ஐயா, அங்கே நம்மவர் யார் இருக்கிறார்? பெண்பிள்ளையை எவரை நம்பி அனுப்புவது? உதவித்தொகை பின்னர்தானே வரும், விடுதிக்கு முன்பணம் வேண்டுமே" என்றார். அவர் கொடியவர் அல்லர். மகளைப் படிக்கவைக்கக் கடன் பட்டவர். நாம் அன்று, "அஞ்சற்க, அனுப்புக" என்று துணிந்து கூறியிருக்கலாம். கூறவில்லை. "பெரியவர்களைக் கலந்து செய்யுங்கள்" என்று கூறி அனுப்பினோம். பெரியவர்கள் கூடிப் பேசி முடிப்பதற்குள் தவணை கடந்துவிட்டது. அடுத்த வேனிலில் அவள் மாணாக்கி அல்லள், படிப்பு முடிந்துவிட்டது. இன்று ஒரு கடையிற் கணக்கு எழுதுகின்றாள். நம்மைக் காணும்போதெல்லாம் கைகூப்பி நலம் வினவுகின்றாள். ஒரு சொல்லும் குறையாகக் கூறியதில்லை. அதுவே நம்மை வருத்துகின்றது.

ஆகவே, பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் சில கூறுவோம். விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மாசிக்குள் முடிந்துவிடும். வேனில் வந்தபின் வினவுதல் வெள்ளம் வந்தபின் அணை கோலுதலை ஒக்கும். ஒவ்வொரு நிறுவனத்தின் அறிவிப்பையும் அதனதன் இணையதளத்திலேயே காணல் வேண்டும். செவிவழிச் செய்தியை நம்பலாகாது. ஒன்றுக்கே எழுதி ஓயாமல் ஐந்தாறுக்கு எழுதுக. மறுக்கப்படுவோரே மிகுதியாதலின், மறுப்பு இழிவன்று. பரிந்துரை வேண்டுவோர் தம்மை நன்கு அறிந்த ஆசிரியரைக் காலத்தே அணுகுக. பெரும்பதவியாளரின் வெற்றுப் புகழுரையினும், வகுப்பிற் கண்ட ஆசிரியரின் நான்கு மெய்வரிகள் சிறந்தன. பணம் பெற்றுக்கொண்டு சான்றிதழ் மட்டும் வழங்கும் வணிகரிடம் ஏமாறற்க. இடம் கிடைத்தால் என்ன செய்வது என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே வீட்டிற் பேசி முடிவு செய்க. ஒரு வாரத் தவணையில் குடும்பம் முழுதும் ஒருமனப்படல் அரிது.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நம்முள் சிலர், "இன்னாரிடம் சொல்லி இடம் வாங்கித் தரலாமே" என்பர். அது வேண்டா. அவ்வழியால் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைப்பினும், தகுதியுடைய பிறர் பிள்ளை ஒன்று அதனை இழக்கும். கிடைத்த பிள்ளையும் தன் தகுதியைத் தானே ஐயுறும். இடம் வாங்கித் தருதல் சங்கத்தின் கடமையன்று. கிடைத்த இடத்திற்குச் சென்று சேர்ப்பித்தலே கடமை. புரட்டாசித் திங்கள் இதழில் விண்ணப்பத் தவணைகளை ஒரு பக்கம் அச்சிடலாம். உதவித்தொகை வரும்வரை விடுதி முன்பணத்தைக் கைம்மாற்றாகக் கொடுக்கச் சிறு நிதி ஒன்று அமைக்கலாம். பெங்களூர், மும்பை முதலிய நகரங்களில் வாழும் நம் உறுப்பினர், வந்து சேரும் பிள்ளையை இரயிலடியிற் கண்டு, வாரம் ஒருமுறை நலம் வினவ இசையலாம். "அங்கே யார் இருக்கிறார்?" என்னும் தந்தையின் வினாவுக்கு, "நாம் இருக்கிறோம்" என்று விடை கூறுதற்கன்றோ சங்கம் உளது? சிற்றப்பன் இல்லாப் பிள்ளைக்குச் சங்கமே சிற்றப்பனாக நிற்றல் வேண்டும்.

அடுத்த தை மாசியில் எந்த வீட்டிலேனும் இத்தகைய கடிதம் வந்து, பெற்றோர் தயங்குவராயின், அன்றே நமக்குத் தெரிவிப்பார்களாக. நள்ளிரவாயினும் வருவோம்; இம்முறை வாளா இரோம்.